சான்று கேட்கும் அரசு: அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவத்தின் வரலாறு

படையிலிருந்து திரும்பியவருக்கு மருத்துவம் பார்ப்பது அரசின் கடமை என்பதை அமெரிக்க அரசியலில் வெளிப்படையாக மறுத்தவர்கள் அரிது. ஆனால் அவருடைய நோய் படைப்பணியால்தான் வந்தது என்பதை யார் மெய்ப்பிப்பது என்ற வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடையைப் பொறுத்தே அந்தக் கடமை விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது. மருத்துவமனைகளின் எண்ணிக்கையையும் ஆண்டு ஒதுக்கீட்டையும் வரிசைப்படுத்தும் வரலாறு அரசின் பக்கத்திலிருந்து எழுதப்படுவது. முன்னாள் படைவீரரின் பக்கத்தில் நின்று பார்த்தால், மருத்துவமனை வாயிலுக்கு முன்பாக இன்னொரு வாயில் தெரிகிறது. அங்கே மருத்துவருக்குப் பதிலாகக் கோப்புகளைப் படிக்கும் அலுவலர் அமர்ந்திருக்கிறார், அவர் சான்றுகளைக் கேட்கிறார், சான்று போதாதென்றால் விண்ணப்பதாரர் திரும்பிப் போகவேண்டியதுதான்.

அந்த வாயிலில் பயன்படும் அளவுகோலுக்குப் 'படைப்பணி சார்ந்த ஊனம்' என்று பெயர். ஒருவருக்கு இன்று ஒரு நோயோ ஊனமோ இருக்கவேண்டும், படைப்பணிக் காலத்தில் அதற்குக் காரணமான ஒரு நிகழ்வு நடந்திருக்கவேண்டும், அந்த நிகழ்வுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்டப்படவேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஊனம் படைப்பணி சார்ந்தது என ஏற்கப்படும். ஏற்கப்பட்ட ஊனம் சுழியிலிருந்து நூறு விழுக்காடு வரை பத்துப் பத்தாக அளவிடப்படுகிறது. மாத உதவித்தொகையையும் மருத்துவமனையில் கிடைக்கும் முன்னுரிமையையும் அந்த விழுக்காடே பெரும்பாலும் முடிவு செய்கிறது, ஐம்பது விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்கள் முதல் வரிசையில் வைக்கப்படுகிறார்கள். நோயாளியின் உடலைப் பற்றிய முடிவு, இவ்வாறு, அவருடைய கடந்த காலத்தைப் பற்றிய ஆவணங்களில் தொடங்குகிறது.

இந்தக் கடமையின் வேர் குடியேற்றக் காலத்தில் இருக்கிறது. போருக்கு அனுப்பப்பட்டு ஊனமுற்றுத் திரும்பும் வீரரை வாழ்நாள் முழுதும் குடியேற்றமே பேணவேண்டும் என்று பிளிமத் குடியேற்றம் 1636இல் சட்டம் செய்தது. விடுதலைப் போரின்போது, 1776 ஆகஸ்டில், உறுப்பிழந்தோருக்கு அரைச் சம்பளம் தருவதாகக் கண்டப் பேரவை உறுதியளித்தது. ஆனால் அதனிடம் பணமும் இல்லை, வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை என்பதால் கொடுக்கும் பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது, கொடுத்த மாநிலங்களும் கொடுக்காத மாநிலங்களும் இருந்தன. முதல் தங்குமனைகளின் நிதி எங்கிருந்து வந்தது என்பதை அரசின் கொடையைப் புகழும் நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. கடற்படையினருக்காக 1811இல் சட்டம் இயற்றப்பட்டு 1830களில் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட இல்லம், மாலுமிகளின் மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட இருபது சென்ட்டுகளால் சேர்ந்த நிதியில் எழுந்தது. தரைப்படையினருக்காக 1851இல் வாஷிங்டனில் நிறுவப்பட்ட இல்லத்திற்கு மெக்சிகோப் போரில் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் மெக்சிகோ நகரத்தின்மீது விதித்த தண்டத் தொகையும், வீரர்களின் சம்பளப் பிடித்தமும் முதலாயின. வீரர்கள் தங்கள் முதுமைக்குத் தாங்களே பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்நாட்டுப் போர் இந்தச் சிறிய ஏற்பாடுகளையெல்லாம் அடித்துச் சென்றது. வட மாநிலங்களின் படையில் மட்டும் இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். இறந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரைக் கொன்றவை வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல், மலேரியா போன்ற முகாம் நோய்கள். 1862இல் இயற்றப்பட்ட ஓய்வூதியச் சட்டம் போர்ப்பணியில் நேர்ந்த ஊனத்திற்கு மட்டுமே உதவி தந்தது. காலிழந்தவருக்கு அதில் சிக்கல் இல்லை. சதுப்பு நிலத்து முகாமில் பிடித்த காய்ச்சல் பத்தாண்டுகளாக விட்டுவிட்டு வருகிறது என்று சொன்னவருக்கு அது பெருஞ்சிக்கலாயிற்று. படைப்பிரிவு மருத்துவமனைப் பதிவேடுகள் அரைகுறையாகவே எழுதப்பட்டிருந்தன; மேலதிகாரியின் உறுதிமொழி வேண்டும், அல்லது உடனிருந்த வீரர்கள் இருவரின் சாட்சியம் வேண்டும், பிறகு மருத்துவர் குழு உடலைச் சோதித்து அறிக்கை தரவேண்டும். உடனிருந்தவர்கள் பலர் மடிந்துவிட்டார்கள், எஞ்சியோர் மேற்கு மாநிலங்களில் சிதறிக் குடியேறிவிட்டார்கள். வட மாநிலப் படையில் சேர்ந்த ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவரின் நிலை இதனினும் கொடிது. அடிமையாகப் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு இல்லை, திருமணப் பதிவு இல்லை, பலருக்கு எழுத்தறிவும் இல்லை, விடுதலைக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் தாமே அந்தப் படைவீரர் என்பதைக்கூட மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. அவர்களுடைய விண்ணப்பங்கள் வெள்ளையரின் விண்ணப்பங்களைவிடக் குறைந்த விகிதத்தில் ஏற்கப்பட்டதை வரலாற்றாய்வாளர்கள் கோப்புகளிலிருந்தே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

லிங்கன் 1865 மார்ச் 3 அன்று கையெழுத்திட்ட சட்டத்தின்படி ஊனமுற்ற தன்னார்வ வீரர்களுக்கான தேசிய இல்லம் உருவாயிற்று. அதன் முதல் கிளை மெயின் மாநிலத்தின் டோகஸ் என்ற இடத்தில் 1866இல் திறக்கப்பட்டது, டேட்டன், மில்வாக்கி, ஹாம்ப்டன் ஆகிய ஊர்களின் கிளைகள் தொடர்ந்தன. நூலகம், தொழிற்கூடம், மருத்துவமனை, கல்லறை எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்த இந்த இல்லங்களில் தென்மாநிலப் படையினருக்கு இடமில்லை. அவர்களுக்கு அவரவர் மாநிலங்கள் தனி இல்லங்கள் அமைத்தன. தேசிய இல்லத்தின் வரலாற்றில் 1884ஆம் ஆண்டு மிக முக்கியமானது. முதுமையால் தளர்ந்தவரையும், படைப்பணியோடு தொடர்பில்லாத நோயுற்றவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அறுபது வயதை நெருங்கும் ஒரு மனிதரின் மூட்டுவலியில் எந்தப் பகுதி போரால் வந்தது, எந்தப் பகுதி வயதால் வந்தது என்று பிரித்துக் காட்டும் வேலையிலிருந்து அவரை விடுவித்த முதல் சட்டம் அது.

ஓய்வூதியத்திலும் அதே விடுதலை 1890இல் கிடைத்தது. 1866இல் தொடங்கப்பட்டு 1890இல் நாலு லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டிருந்த 'குடியரசின் பெரும்படை' என்னும் வடபுலப் படைவீரர் சங்கத்தின் இடைவிடாத வலியுறுத்தலால், தொண்ணூறு நாள் பணியாற்றி உடலுழைப்பு செய்ய இயலாத நிலையில் உள்ள எவருக்கும், ஊனம் எப்படி வந்தது என்று கேட்காமலேயே, உதவித்தொகை தரும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்டார். அவருக்கு முன்பு பதவியிலிருந்த கிளீவ்லாந்து இத்தகைய மசோதாவைத் தடுத்திருந்தார். செலவு உயர்ந்து, உச்சத்தில் கூட்டரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை ஓய்வூதியம் எடுத்துக்கொண்டது. கட்சிகள் வாக்குக்காக ஓய்வூதியத்தை வாரி வழங்கின என்ற குற்றச்சாட்டு அந்த நாளிலேயே எழுந்தது, அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அந்தக் குற்றச்சாட்டை எழுதியவர்கள், சாட்சிகள் இறந்துபோன, பதிவேடுகள் தொலைந்துபோன ஒரு தலைமுறையிடம் முழுச்சான்று கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி நீதியாகும் என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, ஆட்சியாளர் மனத்தில் அந்தச் செலவின் நினைவே மேலோங்கியிருந்தது. கருவூலச் செயலர் வில்லியம் மக்கடூவின் முன்முயற்சியில் நீதிபதி ஜூலியன் மேக் வரைந்த 1917 அக்டோபர்ச் சட்டம், ஓய்வூதியம் என்ற சொல்லையே விலக்கி, காப்புறுதி, இழப்பீடு, மறுவாழ்வுப் பயிற்சி, மருத்துவம் ஆகியவற்றால் திரும்பி வருவோரை மீண்டும் உழைப்பாளிகளாக்க முயன்றது. அரசின் மருத்துவம் பெறுவதைப் போரில் ஊனமுற்றோரின் சட்ட உரிமையாக ஆக்கியதும் அதுவே. நோக்கம் உயர்ந்ததாயினும் அதைத் தாங்கும் கட்டடம் இல்லை. பணியாற்றிய 47 லட்சம் பேரில் காயமுற்றோர் மட்டும் இரண்டு லட்சத்திற்கும் மேல். அவர்களை ஏற்கும் பொறுப்பு 1919 மார்ச்சில் பொதுச் சுகாதாரப் பணித்துறையிடம் ஒப்படைக்கப்பட்டபோது அத்துறையிடம் கப்பல் தொழிலாளருக்கான சில மருத்துவமனைகளே இருந்தன. கைவிடப்பட்ட முகாம்களும் வாடகைக் கட்டடங்களும் படுக்கை அறைகளாயின. காசநோயாளிகளும் மனநோயாளிகளும் இடத்திற்கு இடம் மாற்றப்பட்டார்கள்.

சிதறிக்கிடந்த அலுவலகங்களை ஒன்றாக்க 1921 ஆகஸ்டில் முன்னாள் படைவீரர் பணியகம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் சார்லஸ் ஃபோர்ப்ஸ் மருத்துவமனைக் கட்டட ஒப்பந்தங்களில் கையூட்டுக்கு உடன்பட்டதாகவும், மேரிலாந்தின் பெரிவில் கிடங்கிலிருந்த மருத்துவப் பொருள்களை அடிமாட்டு விலைக்கு விற்றதாகவும் வெளிவந்த செய்திகளால் 1923இல் பதவி விலகி, 1925இல் அரசை ஏமாற்றச் சதி செய்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். போர்வைகளும் கட்டுத்துணிகளும் விற்கப்பட்ட அதே மாதங்களில் நோயாளிகள் படுக்கைக்குக் காத்திருந்தார்கள் என்பதை நினைக்கையில், ஹார்டிங் ஆட்சியின் ஊழல்களுள் எண்ணெய் ஊழலே பெரிதாகப் பேசப்பட்டு இது பின்னுக்குப் போனது வருந்தத்தக்கது.

இந்தக் குழப்பத்தின் நடுவேதான் நிலையான நன்மை ஒன்று பிறந்தது. அது 'சட்ட அனுமானம்' எனப்படும் கருத்து. காசநோய் நுரையீரலில் பல மாதம் ஒளிந்திருந்து பின்பே வெளிப்படும். குண்டதிர்ச்சி என்று அப்போது அழைக்கப்பட்ட மனப்பாதிப்பும் வீடு திரும்பிய பின்பே பலரிடம் தலைகாட்டியது. ஆதலால் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் இந்நோய்கள் தோன்றினால் அவை படைப்பணியால் வந்தவை என்றே கொள்ளவேண்டும் என்று 1921இல் சட்டம் செய்யப்பட்டது. 1924ஆம் ஆண்டின் உலகப் போர் வீரர் சட்டம் அந்தக் காலவரையறையை 1925 சனவரி முதல் நாள்வரை நீட்டியது. மெய்ப்பிக்கும் பொறுப்பு நோயாளியின் தோளிலிருந்து இறக்கி அரசின் தோளில் வைக்கப்பட்டது. அதே 1924ஆம் ஆண்டுச் சட்டம், படுக்கை காலியாக இருந்தால், படைப்பணி சாராத நோயுள்ளவரையும் மருத்துவமனையில் சேர்க்க வழிவிட்டது. 'காலியாக இருந்தால்' என்ற அந்த நிபந்தனை எழுபது ஆண்டுக்கு மேல் பல வடிவங்களில் தொடர்ந்தது.

எல்லா வீரருக்கும் அந்த வாயில் ஒரே அளவில் திறக்கவில்லை. தென்மாநில மருத்துவமனைகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களுக்காக அலபாமாவின் டஸ்கீகியில், டஸ்கீகி கல்விநிலையம் அளித்த நிலத்தில், தனி மருத்துவமனை கட்டப்பட்டு 1923 பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. அங்கு யார் பணியாற்றுவது என்பதில் உடனே போராட்டம் மூண்டது. கறுப்பின மருத்துவர்களும் செவிலியரும் அமர்த்தப்படவேண்டும் என்று கல்விநிலையத்தின் தலைவர் ராபர்ட் மோட்டன் கேட்டார். சம்பளமும் அதிகாரமும் தங்களிடமே இருக்கவேண்டும் என்று உள்ளூர் வெள்ளையர் கேட்டார்கள். வெள்ளைச் செவிலியர் கறுப்பின ஆண் நோயாளியைத் தொட்டுப் பணிவிடை செய்வதை அலபாமாச் சட்டம் தடுத்திருந்ததால், செவிலியர் சம்பளம் வெள்ளையருக்கும் உண்மையான வேலை கறுப்பினப் பணிப்பெண்களுக்கும் போகும் ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. மோட்டனுக்குக் கொலை மிரட்டல் வந்தது. 1923 சூலை 3 அன்று கூ கிளக்ஸ் கிளான் அமைப்பினர் மருத்துவமனை வளாகத்தின் வழியாக ஊர்வலம் நடத்தினர். மோட்டன் பின்வாங்கவில்லை, கறுப்பின மருத்துவர் சங்கமும் உரிமை அமைப்புகளும் அவருக்குத் துணை நின்றன, கூட்டரசும் இணங்கியது. போரில் தரைப்படை மருத்துவராகப் பணியாற்றிய ஜோசப் வார்டு 1924இல் தலைமை மருத்துவரானார். கறுப்பின மருத்துவர் முழுமையாக நடத்திய முன்னாள் படைவீரர் மருத்துவமனையாக அது நிலைபெற்றது. ஆயினும் இனப் பிரிவினை என்னும் அடிப்படை அநீதி நாடு முழுதும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளில் 1950களின் நடுவில்தான் ஒழிந்தது.

பணியகம், ஓய்வூதியத் துறை, தேசிய இல்லம் ஆகிய மூன்றும் 1930 சூலையில் முன்னாள் படைவீரர் நிர்வாகம் என்ற ஒரே அமைப்பாயின. அப்போது அதனிடம் 54 மருத்துவமனைகள் இருந்தன. மூன்றே ஆண்டுகளில் சட்ட அனுமானம் எவ்வளவு எளிதில் பறிக்கப்படக்கூடியது என்பது வெளிப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் செலவைக் குறைக்க ரூஸ்வெல்ட் பதவியேற்ற மாதத்திலேயே, 1933 மார்ச் 20 அன்று, கொண்டுவந்த சிக்கனச் சட்டம் படைவீரர் உதவிகளைக் கடுமையாக வெட்டியது. அனுமானத்தின் அடிப்படையில் உதவி பெற்ற உலகப் போர் வீரர்களின் கோப்புகள் மறுஆய்வுக் குழுக்களிடம் சென்றன, ஒருமுறை ஏற்கப்பட்ட நோய்களுக்கு மீண்டும் சான்று கேட்கப்பட்டு, பலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். முந்திய ஆண்டில்தான் ஊக்கத்தொகை கேட்டுத் தலைநகருக்கு வந்திருந்த முன்னாள் வீரர்களை டக்ளஸ் மக்கார்தர் தலைமையில் தரைப்படையே விரட்டியிருந்தது. அதைக் கண்டித்தவர்களுள் பலர் ரூஸ்வெல்ட்டிடம் வேறொன்றை எதிர்பார்த்தார்கள். சங்கங்களின் எதிர்ப்பு பெருகி, 1934 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் தடையாணையையும் மீறி நாடாளுமன்றம் வெட்டுகளில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. நன்றி என்பது வரவு செலவைப் பொறுத்தது என்ற பாடத்தை அந்தத் தலைமுறை வீரர்கள் மறக்கவில்லை. 1944ஆம் ஆண்டின் புகழ்பெற்ற படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்திற்கு அமெரிக்க லீஜியன் என்னும் படைவீரர் சங்கம் அத்தனை உறுதியோடு பாடுபட்டதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோர் ஒரு கோடியே 60 லட்சம் பேர். அவர்கள் திரும்பத் தொடங்கிய 1945இல், படைவீரர் மருத்துவமனைகளில் நிலவிய பராமரிப்பின்மையை ஆல்பர்ட் டாய்ட்ச், ஆல்பர்ட் மைசல் ஆகிய இதழாளர்கள் அம்பலப்படுத்தினர். மருத்துவமனைகளில் பல, நாடாளுமன்ற உறுப்பினர்களின் செல்வாக்குக்கேற்ப நகரங்களிலிருந்து விலகிய இடங்களில் கட்டப்பட்டிருந்தன. மருத்துவர்கள் பொதுக் குடிமைப்பணி விதிகளால் அமர்த்தப்பட்டுப் புதிய மருத்துவ அறிவோடு தொடர்பற்றுப் போயிருந்தார்கள். தலைமை ஏற்க அழைக்கப்பட்ட தளபதி ஓமர் பிராட்லி, ஐரோப்பியப் போர்முனையின் தலைமை அறுவை மருத்துவராயிருந்த பால் ஹாலியை உடன் அழைத்துக்கொண்டார். சிகாகோவின் எலும்பு மருத்துவர் பால் மேக்னசன் அவர்களோடு சேர்ந்தார். 1946 சனவரி 3 அன்று இயற்றப்பட்ட சட்டம் மருத்துவர் நியமனத்தைக் குடிமைப்பணி விதிகளிலிருந்து விடுவித்தது; அதே மாதத்தின் இறுதியில் வெளியான 'கொள்கைக் குறிப்பாணை எண் 2' படைவீரர் மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்தது. பேராசிரியர்கள் நோயாளிகளைப் பார்ப்பார்கள், பயிற்சி மருத்துவர்கள் அங்கேயே கற்பார்கள், புதிய மருத்துவமனைகள் கல்லூரிகளுக்கு அருகில் கட்டப்படும் என்பதே அதன் சாரம். அமெரிக்க மருத்துவக் கல்வியின் போக்கையே மாற்றிய இந்த ஆவணம் சில பக்கங்களே கொண்டது.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளிகளிடம் பல மருத்துவமனைகளில் ஒரே முறைப்படி சோதிக்கும் கூட்டாய்வு 1946இல் தொடங்கியது. உடலில் பொருத்தும் இதயமுடுக்கி பஃபலோ மருத்துவமனையின் வில்லியம் சார்டாக்கும் பொறியாளர் வில்சன் கிரேட்பேட்சும் சேர்ந்து உருவாக்கி 1960இல் பயன்பாட்டுக்கு வந்தது. உயர் இரத்த அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறையும் என்று எட்வர்டு ஃப்ரீஸ் நடத்திய ஆய்வு 1967இலும் 1970இலும் மெய்ப்பித்தது. பிராங்க்ஸ் மருத்துவமனையின் ரோசலின் யாலோ 1977இல் நோபெல் பரிசு பெற்றார். உலகம் முழுதும் இன்று உண்ணப்படும் இரத்த அழுத்த மாத்திரைக்குப் பின்னால், தங்கள் உடலை ஆய்வுக்குத் தந்த பெயர் தெரியாத முன்னாள் படைவீரர்கள் நிற்கிறார்கள். அவர்களின் இரண்டாவது பணி என்றே அதைச் சொல்லவேண்டும்.

மருத்துவம் இவ்வாறு உயர்ந்த காலத்தில் சான்று கேட்கும் வாயில் ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருந்தது. விண்ணப்பதாரருக்காக வாதாடும் வழக்கறிஞர் பத்து டாலருக்கு மேல் கட்டணம் பெறக்கூடாது என்று உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல், விதிக்கப்பட்ட உச்சவரம்பு நூற்றிருபது ஆண்டுக்குப் பின்னும் நடைமுறையில் இருந்தது. ஏமாற்றும் தரகர்களிடமிருந்து வீரர்களைக் காக்கப் பிறந்த விதி, காலப்போக்கில் அவர்களுக்கு வழக்கறிஞரே கிடைக்காதபடி செய்துவிட்டது. அணுகுண்டுச் சோதனைகளில் கதிர்வீச்சுக்கு உள்ளானோரின் சங்கம் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் வரம்பு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நிர்வாகத்தின் முடிவை எதிர்த்துச் சாதாரண நீதிமன்றங்களுக்குப் போகவும் வழியில்லை. சங்கங்கள் இலவசமாக அமர்த்திய உதவி அலுவலர்களே துணை. 1988இல்தான் நீதிமன்ற மறுஆய்வுக்குச் சட்டம் பிறந்து தனி மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது. இருபக்கச் சான்றும் சமமாக இருந்தால் ஐயத்தின் பலனை வீரருக்கே தரவேண்டும் என்ற நெறியும் சட்ட வாசகமாயிற்று. இடையில், 1973 சூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் புறநகரின் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீ, 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அழித்துவிட்டிருந்தது. ஆவணத்தைக் காக்கும் பொறுப்பு அரசுடையது, அது எரிந்ததன் இழப்பு வீரருடையது என்ற நிலை எத்தனை விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தது என்பதை எந்தக் கணக்கும் முழுமையாகக் காட்டாது.

வியட்நாம் போர் இந்த வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியது. பிராங்க்ஸ் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்கள் கிடந்த நிலையைக் காட்டிய படங்களை 1970 மே மாதத்தில் லைஃப் இதழ் வெளியிட்டபோது நாடு அதிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத காயங்களைப் பற்றிய போராட்டம் அதைவிட நீண்டது. போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் நியூயார்க்கில் ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்னும் மனநல மருத்துவர்களோடு கூடி, உறக்கமின்மையையும் கெட்ட கனவுகளையும் திடீர்ச் சினத்தையும் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் வட்டங்களை நடத்தினார்கள். மருத்துவ நூல்களில் அவர்களுடைய துன்பத்துக்குப் பொருத்தமான பெயரில்லாததால் அலுவலகப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. அந்த வட்டங்களின் மாதிரியில் 1979இல், போரில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்த மேக்ஸ் கிளீலண்டின் நிர்வாகக் காலத்தில், வீதியோரக் கடைகளிலும் சிறு கட்டடங்களிலும் ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இடம்பெற்றது. நோயாளிகளே தங்கள் நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய நிகழ்ச்சி அது. ஆயினும் அதிர்ச்சி தந்த நிகழ்வுக்கு ஆவணம் காட்டும் பொறுப்பு நீடித்தது. போர்க்களத்தின் அச்சத்தைப் பொறுத்தவரை அதைத் தளர்த்தும் விதி 2010இல்தான் வந்தது. படைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானோர்க்கு ஆலோசனை வழங்க 1992இல் சட்டம் வந்தபோதிலும், புகார் செய்யவே அஞ்சிய ஒருவரிடம் புகாரின் பதிவைக் கேட்கும் முறை அவர்களை இன்னொரு முறை காயப்படுத்தியது.

களைக்கொல்லிகளின் கதை இவ்வரலாற்றின் நடுநாயகமானது. 1962 முதல் 1971 வரை தென் வியட்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் அமெரிக்க விமானங்கள் தெளித்த நச்சுக் கலவைகளுள் மிகுதியானது 'ஏஜென்ட் ஆரஞ்சு'; அதில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. இதனால் மிகப் பெரிய துன்பத்தை அடைந்தவர்கள் வியட்நாம் மக்களே என்பதை மறந்து இதைப் பேசலாகாது. சிகாகோ அலுவலகத்தில் உதவி அலுவலராயிருந்த, தாமும் முன்னாள் படைவீரரான மாட் டிவிக்டர், 1977இல் புற்றுநோய் விண்ணப்பங்களில் அந்தத் தெளிப்பு மீண்டும் மீண்டும் குறிப்பிடப்படுவதைக் கவனித்துக் குறித்துவைக்கத் தொடங்கினார். வேதிப்பொருள் நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கு 1984இல் 18 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. நிர்வாகமோ ஒரு தோல்நோயை மட்டும் ஏற்று, மற்ற நோய்களுக்குக் காரண காரியத் தொடர்பு மெய்ப்பிக்கப்படவேண்டும் என்று நின்றது. புள்ளியியல் வழிப்பட்ட தொடர்பே போதும் என்று நாடாளுமன்றம் கருதியிருக்க, நிர்வாகம் அளவுக்கு மீறிய சான்றைக் கேட்கிறது என்று கலிபோர்னியாவின் கூட்டரசு நீதிமன்றம் 1989இல் அந்த விதியைத் தள்ளியது. 1991 பிப்ரவரியில் வந்த சட்டம், வியட்நாமில் பணியாற்றியவர் எவரும் நஞ்சுக்கு உள்ளானவர் என்றே கொள்ளவும், எந்நோய்களைப் பட்டியலில் சேர்ப்பது என்பதைத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வைக் கொண்டு முடிவு செய்யவும் வகைசெய்தது. நீரிழிவு 2001இலும், பார்க்கின்சன் நோயும் இதயத் தமனி நோயும் 2010இலும் சேர்ந்தன. 20 வயதில் காட்டுக்குள் நடந்தவர் 60 வயதுக்கு மேல் இதய நோய்க்கு ஏற்பு பெற்றார்.

நிர்வாகம் 1989 மார்ச்சில் அமைச்சரவை நிலையிலுள்ள துறையாயிற்று. 1994 முதல் 1999 வரை மருத்துவப் பிரிவை நடத்திய கென்னத் கைசர் நாட்டை 22 வட்டாரங்களாகப் பிரித்து, மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைத்து, ஊருக்கு அருகிலான புறநோயாளர் நிலையங்களைப் பெருக்கினார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் படுக்கை சார்ந்த பழைய தகுதி விதிகளை நீக்கி முன்னுரிமைப் பிரிவுகளை ஏற்படுத்தியது. கணினி வழி நோயாளர் பதிவேட்டிலும், டொபீகா மருத்துவமனையின் செவிலியர் ஒருவரின் யோசனையில் பிறந்த பட்டைக்குறி மருந்து வழங்கலிலும் இத்துறை தனியார் மருத்துவமனைகளுக்கு முன்னோடியாயிற்று. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் காயமுற்றோரும் முதுமையடைந்த வியட்நாம் வீரர்களும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தபோது அந்த உயர்வு தடுமாறியது. பதினான்கு நாளுக்குள் மருத்துவரைக் காணச்செய்யவேண்டும் என்ற இலக்கு எட்டப்பட்டதாகக் காட்ட, ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் காத்திருப்போர் பெயர்கள் அதிகாரப்பூர்வப் பட்டியலுக்கு வெளியே வைக்கப்பட்டது 2014இல் வெளிப்பட்டு, செயலர் எரிக் ஷின்செக்கி பதவி விலகினார். வெளியார் மருத்துவமனைகளில் அரசு செலவில் சிகிச்சை பெறும் வழியை 2014ஆம் ஆண்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டுச் சட்டமும் அகலப்படுத்தின. தொலைவில் வாழ்வோருக்கு அது உண்மையான உதவி. ஆனால் வெடிகுண்டுக் காயத்தையும் செயற்கை உறுப்பையும் போர்க் கனவுகளையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய மருத்துவர்களைக் கொண்ட அமைப்பு அதனால் மெலிந்துவிடக்கூடாது என்ற கவலையைப் படைவீரர் சங்கங்கள் தொடர்ந்து எழுப்பிவருவதில் முழு நியாயம் உண்டு.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களின் கழிவுகளை, பிளாஸ்டிக், மின்கலம், மருத்துவக் கழிவு என்று எதையும் பிரிக்காமல், விமான எரிபொருள் ஊற்றித் திறந்த குழிகளில் எரித்தார்கள். பலாட் விமானத்தளத்தின் குழி அவற்றுள் பெரியது. அந்தப் புகையை மாதக்கணக்கில் சுவாசித்தவர்கள் நுரையீரல் நோயோடும் அரிய புற்றுநோய்களோடும் விண்ணப்பித்தபோது, களைக்கொல்லிக்குக் கேட்ட அதே கேள்விகள் திரும்பக் கேட்கப்பட்டன. புற்றுநோயால் இறந்த ஹீத் ராபின்சன் என்ற வீரரின் பெயரைத் தாங்கி 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட நோய்களைச் சட்ட அனுமானப் பட்டியலில் சேர்த்தது. ஏஜென்ட் ஆரஞ்சு பட்டியலில் உயர் இரத்த அழுத்தத்தையும் இணைத்தது. அதே சட்டத்தில் ஓரிரு வரிகளில் வேறு சிலரும் இடம்பெற்றார்கள்: அணுகுண்டு தாங்கிய விமானங்கள் விழுந்த ஸ்பெயினின் பலோமாரெஸ் ஊரில் 1966இலும் கிரீன்லாந்தின் துலே தளத்தில் 1968இலும் கதிரியக்கக் கழிவை அகற்றியோர், பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் 1977 முதல் 1980 வரை அணுச்சோதனையின் மண்ணை அள்ளிக் கொட்டியோர். எனிவெடாக்கில் பணியாற்றியோர் தங்களுக்குப் போதிய பாதுகாப்பு உடை தரப்படவில்லை என்றும் தங்களிடையே புற்றுநோய் மிகுந்திருக்கிறது என்றும் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். சோதனை வெடிப்புகளில் பங்கேற்றவர்களுக்கு 1988இலேயே கிடைத்த அனுமானம், வெடிப்பின் எச்சத்தை அள்ளிய அவர்களுக்குக் கிடைக்க மேலும் 34 ஆண்டு ஆயிற்று.